நாளைக் காலை வகுப்புக்கு அந்தத் தாள் வேண்டும்: செயல்திட்டப் பள்ளியில் ஒரு வாரத்தை நடத்துவது எப்படி?

பிள்ளையைச் செயல்திட்ட முறையில், அதாவது ஒரு கேள்வியைச் சுற்றிப் பல வாரம் வேலை செய்து கற்கும் முறையில், நடக்கும் பள்ளியில் சேர்த்த பெற்றோர், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் என்னைத் தேடி வருவார்கள். "டீச்சர், வீட்டுப்பாடமே கிடையாதா? வீட்டுக்கு வந்தால் பையைத் திறப்பதே இல்லை." தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயிற்சிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக முடித்துப் பழகிய வீடு, அப்படித்தான் கேட்கும். இன்னும் இரண்டு வாரம் போனால் அதே பெற்றோர் வேறொரு குறையோடு வருவார்கள். இரவு பத்து மணிக்கு மஹ்ஜோங் தாளும் (சுவரில் ஒட்டும் பெரிய வெள்ளைத் தாள்) பசையும் தேடிக் கடை கடையாக அலைந்தார்களாம். மறுநாள் காலை வகுப்பின் முன் படைப்பு இருக்கிறது என்று மகன் அப்போதுதான் சொன்னானாம்.

ஒரு வாரம் ஒன்றுமே இல்லை, இன்னொரு வாரம் கழுத்தை நெரிக்கும் வேலை. இரண்டு குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: செயல்திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் வைத்திருப்போம், நடுவில் கிடக்கும் வாரங்களுக்கு வடிவம் கொடுத்திருக்க மாட்டோம்.

மலேசியாவின் பினாங்கில் படிவம் 1 முதல் 3 வரையுள்ள (ஆறாம் ஆண்டுக்குப் பிறகு வரும் இடைநிலைப்பள்ளி வகுப்புகள்) பிள்ளைகளோடு பல தவறுகள் செய்து நான் கற்றுக்கொண்ட வார ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். ஆசிரியருக்காக எழுதுவதுதான் என்றாலும், பள்ளிக்குள் என்னதான் நடக்கிறது என்று புரியாமல் தவிக்கும் அம்மா அப்பாவும் படிக்கலாம். எடுத்துக்காட்டு முழுவதற்கும் ஒரே செயல்திட்டம்: "நம் வீட்டில் கொசு எங்கே பிறக்கிறது?" ஆறு வாரம் ஓடிய வேலை. அதில் ஒரு வாரத்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன்.

1. வியாழக்கிழமையே அடுத்த வாரத்தை எழுதுங்கள்

ஞாயிறு இரவு உட்கார்ந்து திட்டம் போடுபவருக்குத் திங்கள் காலை பொருள் கிடைக்காது. வெள்ளிக்கிழமையோ தொழுகைக்காகப் பள்ளி சீக்கிரம் முடியும் நாள்; படைப்பு முடிந்த களைப்பில் எதுவும் ஓடாது. வியாழன் பிற்பகல்தான் சரி. வாரம் எங்கே தடுமாறியது என்பது அன்றைக்கு நினைவில் பச்சையாக இருக்கும்.

நீளமான நாள் பாடத்திட்டம் எழுதுமுன் மூன்றே வரி எழுதுவேன். இந்த வாரத்தின் கேள்வி என்ன? வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் கையில் என்ன இருக்கும்? வீடு மட்டுமே தரக்கூடியது எது? மூன்றாவது வரியை நிரப்ப முடியாவிட்டால் அந்த வாரம் செயல்திட்டத்துக்கு வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டேன்.

கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. "டிங்கிக் காய்ச்சலைத் தடுப்பது எப்படி?" என்பது சுவரொட்டிக் கேள்வி. விடை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். பிள்ளைகள் கொசுவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுப் படம் வரைந்து கொடுப்பார்கள், கதை முடிந்தது. "நம் 24 பேர் வீடுகளில் எந்தப் பாத்திரத்தில் கொசுப்புழு அதிகம்?" என்பதற்கு விடை எனக்கும் தெரியாது, சுகாதார அதிகாரிக்கும் தெரியாது. திங்கட்கிழமையே ஆசிரியருக்கு விடை தெரிந்திருந்தால் அது பயிற்சி. பயிற்சியும் வேண்டியதுதான், அதைச் செயல்திட்டம் என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம்.

2. திங்கள்: பொருளை மேசையில் வையுங்கள்

பாடத்திட்டத்தில் பீடிகை என்று, பிள்ளைகளைப் பாடத்துக்குள் இழுக்க ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். திங்கட்கிழமை பீடிகைக்கு நான் ஒரு பாடவேளை முழுவதையும் கொடுத்துவிடுகிறேன். அந்த வாரம் நான் வைத்தது ஒரு ஜாம் பாட்டில். என் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலிருந்து அள்ளிய தண்ணீர், வாயில் இரட்டை மடிப்பாக வலைத்துணி, மேலே ரப்பர் வளையம். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

முதலில் "சீ" என்றார்கள். பிறகு தலைகள் நெருங்கின. புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வாலோரத்திலிருக்கும் குழாய் மட்டும் நீரின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒருவன் கையை அசைத்தான். நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. சற்று நேரத்தில் ஒன்றொன்றாக மேலே வந்தன. "மூச்சு விட வருகின்றனவா, டீச்சர்?" என்று கேட்டவள், அதுவரை அறிவியல் பாடத்தில் வாய் திறக்காத பிள்ளை. மலாயில் ஜென்திக்-ஜென்திக் என்று ஒருவன் சொன்னான். தன் பாட்டி கூத்தாடி என்பார் என்றாள் இன்னொருத்தி. அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை, பாட்டிலே விளக்கிவிட்டது.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி அத்தனையையும் அவர்கள் சொன்ன மொழியிலேயே மஹ்ஜோங் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதும்போது திருத்தாதீர்கள். பிறகு இந்த வாரம் நம்மால் விடை தேடக்கூடியவை எவை, புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுபவை எவை, அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டியவை எவை என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். கால்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழுவாகிவிட்டால் இரண்டொரு நாளில் இறக்கை முளைத்துவிடும். ஆகவே கொட்டி அழிக்கும்வரை பாட்டில் வகுப்பறையை விட்டுப் போகக்கூடாது, வார இறுதிக்கு மிஞ்சவும் கூடாது.

3. செவ்வாயும் புதனும்: பாடம் நடத்துங்கள்

செயல்திட்டப் பள்ளியில் ஆசிரியர் பாடமே நடத்த மாட்டார், பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பெற்றோரை விடச் சில ஆசிரியர்களுக்கே அது அதிகம். அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் செயல்திட்ட முறையைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1918-இல். அன்றிலிருந்து இந்த முறையைத் துரத்திவரும் குற்றச்சாட்டும் பழையதுதான்: பிள்ளைகள் ஓடியாடி வேலை செய்கிறார்கள், கணக்கு மட்டும் வரவில்லை. நடத்த வேண்டிய நேரத்தில் நடத்தாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும்.

நான் செய்வது இது. திங்கள் இரவு வீட்டில் எடுத்த கணக்கு, செவ்வாய்க் காலை மேசைமேல் இருக்கும். அப்போது கணிதப் பாடத்தைத் தொடங்குவேன். கொசு ஒழிப்புத் துறையில் மூன்று குறியீடுகள் உண்டு. வீட்டுக் குறியீடு என்பது, சோதித்த வீடுகளில் புழு இருந்தவை நூற்றுக்கு எத்தனை என்பது. பாத்திரக் குறியீடு, தண்ணீர் தேங்கிய பாத்திரங்களில் புழு இருந்தவை நூற்றுக்கு எத்தனை. பிரெட்டோ குறியீடு, நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை. எடுத்துக்காட்டாக, 24 வீடுகளில் 120 பாத்திரங்களைச் சோதித்து, 6 வீடுகளில் 9 பாத்திரங்களில் புழு கண்டால் வீட்டுக் குறியீடு 25, பாத்திரக் குறியீடு 7.5, பிரெட்டோ 37.5.

ஒரே தரவு, மூன்று விடை. எது பெரிய எண்ணோ அதைத் தலைப்பாகப் போடலாம் என்றான் ஒருவன். பத்திரிகைக்காரனாக வருவான். அவனை மறுத்துப் பேச மூன்று பேர் எழுந்தார்கள். விழுக்காட்டையும் விகிதத்தையும் அந்தச் சண்டை ஆழமாகப் பதித்த அளவுக்கு என் கரும்பலகை பதித்திருக்காது. ஆனால் சண்டையோடு விட்டுவிடவில்லை. அன்றே பத்துக் கணக்கு கொடுத்தேன். புரிந்தது வேறு, கை பழகியது வேறு.

மொழிப்பாடத்தையும் இதோடு முடிச்சுப்போடலாம்: கேள்வி கேட்கும் வாக்கியங்கள், செய்முறை விளக்கம், அறிக்கை. எல்லாப் பாடத்தையும் கொசுவோடு கட்டிவிடத் துடிக்காதீர்கள். வரலாற்றுப் பாடம் வரலாறாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

4. வீட்டுப்பாடம்

முதல் ஆண்டில் நான் கொடுத்த வீட்டுப்பாடம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை மாதிரி உருவமாகச் செய்து வரவும்." திங்களன்று ஒரு மாதிரி வந்தது: சுழலும் தட்டு, உள்ளே சின்ன மோட்டார், நான்கு பருவத்துக்கும் நான்கு வண்ண விளக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா இரண்டு இரவு கண்விழித்திருக்கிறார். கூட்டுப்புழு எது என்று மகனைக் கேட்டேன், தெரியவில்லை. அதே வகுப்பில் இன்னொரு பிள்ளையின் அம்மாவும் தொழிற்சாலையில்தான், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. அந்த வீட்டுப்பாடத்தில் நான் மதிப்பிட்டது இரண்டு குடும்பங்களின் ஓய்வு நேரத்தை.

அதன்பிறகு மூன்று சோதனைகளை வைத்துக்கொண்டேன். ஒன்று, பெரியவர் கை படாமல் பிள்ளை தனியாக முடிக்க வேண்டும். பெரியவரிடம் பேசலாம், செய்து தரச் சொல்லக்கூடாது. இரண்டு, அது வீட்டில் மட்டுமே கிடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: மறுநாள் காலை வகுப்பு அந்தத் தாள் இல்லாமல் நடக்க முடியாததாக இருக்க வேண்டும். செய்தாலும் செய்யாவிட்டாலும் வகுப்பு ஒரே மாதிரி நடக்குமானால் பிள்ளை ஏன் செய்ய வேண்டும்? பதின்மூன்று வயதுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

திங்கள் இரவு கொடுத்தது அரைப் பக்கத் தாள். நான்கு கட்டம்: பாத்திரம், எங்கே இருக்கிறது, புழு உண்டா, கடைசியாகக் கழுவியது எப்போது. வேலை பத்து நிமிடம். வாரம் ஒரு முறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்லிவருவதற்கும் அதே கொசுக் கணக்குத்தான் காரணம். ஏழு நாளுக்குள் கலைத்துவிட்டால் இறக்கை முளைக்காது. தேடும் இடத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னால் ஒரு குறிப்பு மட்டும்: குனிந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று, ஏறிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று. ஏறுவதானால் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

செவ்வாயன்று ஒரு தாளில் எல்லாக் கட்டத்திலும் சுழியம். எட்டாவது மாடி அடுக்குமாடி வீடு, தண்ணீர் எங்கே தேங்கும் என்றான். "குளிர்பெட்டிக்குப் பின்னால் தட்டு இருக்குமே, பார்த்தாயா?" என்றது பக்கத்துக் குரல். அவனுக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. மறுநாள் திருத்திய தாளோடு வந்தான். திட்ட வேண்டிய வேலை எனக்கு மிச்சம்.

இன்னொரு தாளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். "பூசை மேடைச் செம்பு. புழு இல்லை. பாட்டி வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பார்." அதே வீட்டில் மணிபிளாண்ட் பாட்டில்: "புழு உண்டு. கழுவியது யாருக்கும் தெரியாது." ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும், காய்ந்து கிடந்தாலும் பல மாதம் தாங்கும், மீண்டும் தண்ணீர் பட்டால் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். இதைப் புதன்கிழமை நான் நடத்துவதாக இருந்தேன். "அப்படியென்றால் பாட்டியின் புளிதான் காரணமா?" என்று அந்தப் பெண் என்னை முந்திக்கொண்டாள். புளியா, தேய்ப்பா என்று பிரித்துப் பார்க்க என்ன சோதனை செய்யலாம் என்பதே அடுத்த பாடவேளையாயிற்று.

மொழி. பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். வீட்டில் கேட்டதைத் தமிழிலேயே, சொன்னவரின் வாய்ச்சொல் மாறாமல் எழுதி வரச் சொல்லுங்கள். மாற்றி எழுதும் வேலை வகுப்பில் நடக்கட்டும். வீட்டிலேயே மொழிபெயர்க்கச் சொன்னால் பாட்டி சொன்ன கூத்தாடி காணாமல்போய்ப் புத்தகத்துச் சொல் வந்து உட்கார்ந்துவிடும். கைத்தொலைபேசியில் தேடி ஒட்டியதை நான் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். வீட்டுச் செம்பைப் பற்றி இணையத்தில் எதுவும் இல்லை.

நேரம். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் பெயரோடு வழங்கும் பத்து நிமிட விதி ஒன்று உண்டு: படிக்கும் ஆண்டு எத்தனையோ அத்தனை பத்து நிமிடம். படிவம் 1 ஏழாவது ஆண்டு, ஆகவே ஒரு நாளைக்கு எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 70 நிமிடம். படிவம் 3-க்கு 90. கல்லில் பொறித்த சட்டமல்ல, ஆனாலும் உச்சவரம்பாக நன்றாக உதவுகிறது. இதில் செயல்திட்டம் பாதியைத் தாண்டக்கூடாது என்பது என் கட்டுப்பாடு. மீதி, வாசிப்புக்கும் கணக்குக்கும். மாலையில் டியூஷன் போகும் பிள்ளைகளே இங்கு அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, அந்த வாரம் இப்படி ஓடியது: திங்கள் பாத்திரத் தாள், செவ்வாய் அரைமணி நேர விழுக்காட்டுக் கணக்கு, புதன் வீட்டில் ஒருவரிடம் மூன்று கேள்வி, வியாழன் வெள்ளிக்கிழமைக்கான ஒத்திகை, வெள்ளி ஒன்றுமில்லை. புதன் பேட்டியைத் தாத்தா பாட்டியிடம் எடுக்க விரும்பியவர்களுக்கு மட்டும் வார இறுதி வரை தவணை கொடுத்தேன். கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் பாட்டி இருக்கும் பிள்ளைக்குச் சனி ஒன்றுதான் இரு பக்கத்துக்கும் பொதுவான விடுமுறை. கெடாவில் வெள்ளியும் சனியும், இங்கே சனியும் ஞாயிறும். பேச யாருமே வீட்டில் இல்லாத பிள்ளை, அடுக்குமாடியின் காவலாளியிடமோ உணவகத்து அண்ணனிடமோ பள்ளித் தோட்டக்காரரிடமோ கேட்கலாம். மாற்று வழியை எல்லாருக்கும் பொதுவாகத் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள். தனியாக வந்து கேட்கும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் கொண்டுபோக வேண்டாம்.

5. வியாழன்: குழு

நான்கு பேருக்கு மேல் குழு வேண்டாம். ஐந்தாவது ஆள் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்பதை வேலைத் தாளின் ஓரத்தில் அவரவர் கையெழுத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். ஒட்டுவது, வெட்டுவது, வண்ணம் தீட்டுவது எல்லாம் பள்ளி நேரத்தில், பள்ளிப் பொருளில். இந்த ஒரு விதியால் இரவு பத்து மணிக் கடையலைச்சல் அடியோடு நின்றது.

6. வெள்ளி: படைப்பும் மதிப்பீடும்

குறைந்த நேரம் என்பதால் குழுவுக்கு நான்கு நிமிடம் பேச்சு, மூன்று நிமிடம் கேள்வி. கேட்பவர்களில் ஒருவராவது வெளியாளாக இருக்கட்டும். அந்த வாரம் பள்ளித் துப்புரவுப் பணியாளர் அக்காவை அழைத்தோம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "கூரைத் தாம்பாளத்தை ஏன் யாரும் பார்க்கவில்லை?" மழைநீர் ஓடும் கூரைக் கால்வாயைச் சொன்னார். ஆறு குழுவும் வாயடைத்து நின்றன.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் போயிற்று, படிவம் 3 தேர்வான பி.டி.3 2022-இல் போயிற்று. வகுப்புசார் மதிப்பீட்டில் தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை எழுத வேண்டியவர் ஆசிரியர். வெள்ளிக்கிழமை மேடையை மட்டும் பார்த்து எழுதினால் வாய் உள்ள பிள்ளை 6, வாயில்லாத பிள்ளை 3 என்றாகிவிடும். என் வழி எளியது: ஒரு நாளைக்கு ஐந்து பேரை மட்டும் கவனிப்பது. 24 பேர் என்றால் வெள்ளிக்குள் ஒரு சுற்று முடியும். தாளில் அவர்கள் அடித்துத் திருத்திய இடம், கணக்கில் தடுமாறிய படி, நண்பனுக்கு விளக்கிய சொல் என்று ஆளுக்கு இரண்டு வரி. ஒரு தவணை முடிவில் கற்றல் தரத்தோடு ஒப்பிட இதைவிட நல்ல சான்று கிடையாது. எந்த வேலைக்கு எந்த நிலை என்று சொல்லும் வெற்றிக்கூறுகளைத் திங்களன்றே சுவரில் ஒட்டிவிட்டால், "ஏன் எனக்கு 4?" என்ற கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லிக்கொள்ளும்.

கடைசிப் பத்து நிமிடம் சிந்தனை மீட்சி, கற்றதைத் திரும்பிப் பார்ப்பது. "என்ன கற்றாய்?" என்று கேட்காதீர்கள், "நிறைய கற்றேன்" என்றுதான் எழுதும். "திங்களன்று நீ நினைத்திருந்ததில் எது தவறாகப் போயிற்று?" என்று கேளுங்கள்.

7. வீட்டில் இருப்பவர்களுக்கு

"வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா?" என்பதற்குப் பதில், "நாளைக் காலை வகுப்புக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு "ம்" என்று தப்பிக்கலாம். பிள்ளையின் தாளைத் திருத்தாதீர்கள். சுழியம் சுழியமாகவே வரட்டும். பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மற்ற வீட்டுப் பிள்ளையின் படைப்புப் படத்தைப் பார்த்து மனம் குழம்பவும் வேண்டாம். அழகான படைப்பைவிட அழுக்கான தாள்தான் எனக்கு அதிகம் சொல்கிறது. படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். தேர்வு வருகிறதே என்ற கவலை நியாயமானது. அதற்காகத்தான் செவ்வாய் இரவின் அரைமணிக் கணக்கு. அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மணி அடிக்குமுன் ஜாம் பாட்டிலைக் கார் நிறுத்துமிடத்துக்கு எடுத்துப் போனோம். வெயிலில் கொதித்த தார்த்தரையில் தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்சுவரைத் தூரிகை விட்டுத் தேய்த்தார்கள். ஈரம் காயும்வரை சிலர் நின்று பார்த்தார்கள். அப்போது ஒருவன் கேட்டான்: "டீச்சர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் உடைக்கிற தேங்காயெல்லாம் பிறகு எங்கே போகிறது? ஒவ்வோர் ஓட்டிலும் தண்ணீர் நிற்குமே?" வியாழனன்று எழுதிவைத்திருந்த திட்டத்தின் முதல் வரியை அடித்துவிட்டு, வகுப்புக்குத் திரும்பி அவன் கேள்வியைப் பலகையில் எழுதினேன்.